நெல் கடிக்கும் பல்

குறுவை நெல் களத்தில் தார்ப்பாய் மேல் கிடந்தது. வடகிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் போஸ்ட் ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கட்டியிருந்த ஆபீஸ் புடவையோடு களத்தில் நின்றேன். குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டு, அடியில் கிடந்த நெல்லாகப் பார்த்து ஒன்றை எடுத்து, வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தேன். நறுக்கென்று உடைய வேண்டிய நெல் சவசவவென்று நசுங்கியது. இன்னும் ஒரு வெயில் வேண்டும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் வலித்தது. கடிக்கும்போது ஒன்றுமில்லை, கடித்ததை விட்டபோது தாடையில் கிளம்பிக் காதுவரை சுளீரென்று ஓடியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னக்கா, சாக்குப் பிடிக்கலாமா?" என்றார் எங்கள் வயலில் நெடுநாளாக வேலை பார்ப்பவர். கையில் காலிச் சாக்கை உதறிக்கொண்டு நின்றார்.

"இல்ல, ஈரமாத்தான் இருக்கு. மூடுங்க மூடுங்க, மழை வந்துருச்சு" என்றேன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. மழைக்குக் கன்னத்தை ஏன் பிடிக்க வேண்டும் என்று அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தார்ப்பாயை இழுக்கப் போனார்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். நெல்லில் ஈரம் இருக்கிறதா என்று அங்கே பல்லால் பார்ப்பதுதான் வழக்கம். கொள்முதல் நிலையத்தில் மீட்டர் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூட்டையைக் கட்டி, டிராக்டரில் ஏற்றி, அங்கே கொண்டுபோய் வரிசையில் போட்டுவிட்டுக் காத்துக் கிடந்த பிறகு, ஈரம் கூட இருக்கிறது, காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்று சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வது? அதனால் களத்திலேயே ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாக்கைத் தொடுவோம். பெரும்பாலும் ஆண்கள்தான் கடிப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை என் வாய்க்கு வந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் பல் செட்டு.

கல்யாணம் ஆன நாளிலிருந்தே அவர் வாயில் வெற்றிலையும் சீவலும் குடியிருந்தன. பேசும்போது அதைக் கன்னத்தின் ஓரமாக ஒதுக்கிக்கொள்வார், பேசி முடித்ததும் திரும்ப அழைத்துக்கொள்வார். நான் திட்டாத திட்டில்லை. கேட்டால்தானே. நாற்பது வயதுக்குள் கடைவாய்ப் பல் எல்லாம் ஆட்டம் கண்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கி, செட்டு வைத்துக்கொள்ளும்படி ஆயிற்று. சோறு மென்றார், முறுக்குக்கூட மென்றார். நெல்லில்தான் தோற்றுப்போனார். முதல் அறுப்பில் கடித்துக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"இதுக்கு நெல்லும் ஒண்ணுதான், கூழாங்கல்லும் ஒண்ணுதான். ஒரு எழவும் தெரியல" என்றார்.

அன்று நான் அடுப்படியில் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். நேரே வந்து, "ஆ காட்டு" என்றார். என்னமோ திங்கத் தருகிறார் என்று நினைத்து வாயைத் திறந்தேன். ஒரு நெல்லைப் பல்லில் வைத்து, "கடி" என்றார். கடித்தேன். "என்ன ஆச்சு?" என்றார். "உடைஞ்சு போச்சு, வேற என்ன ஆகும்" என்றேன். "எப்படி உடைஞ்சுது? நறுக்குன்னா, நசநசன்னா?" எனக்கு அப்போதுதான் விளங்கியது. இன்னொன்று வாங்கி நிதானமாகக் கடித்தேன். நறுக்கென்றது. அவர் அப்படியே களத்துக்கு ஓடினார். கடுகு கருகிவிட்டது.

அதற்குப் பிறகு எல்லா அறுப்பிலும் நான்தான். "எங்க வீட்டு மீட்டர் ஆபீசுக்குப் போயிருக்கு, வரட்டும்" என்று களத்தில் எல்லோரையும் உட்கார வைத்துவிடுவாராம். பொறுக்க முடியாத நாட்களில் மொபெட்டில் ஏறி போஸ்ட் ஆபீசுக்கே வந்துவிடுவார். வரிசையில் நிற்பவர்களோடு நின்று, தன் முறை வந்ததும் சட்டைப் பையிலிருந்து நாலு நெல்லை எடுத்துக் கவுண்டர் பலகையில் வைப்பார். "ரெஜிஸ்தரா, ஸ்பீடு போஸ்ட்டா?" என்று கேட்பேன். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். வலது கையால் முத்திரை குத்திக்கொண்டே இடது கையால் நெல்லை வாயில் போட்டுக்கொள்வேன்.

கடித்த உடனே சொல்லிவிட மாட்டேன். அதுதான் என் குணம். முகத்தில் ஒன்றும் காட்டாமல் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பேன். வயலில் ஆளை விரட்டுவதும், வாய்க்காலில் தண்ணீருக்குச் சண்டை போடுவதும், ஊர்க் கூட்டத்தில் மேசையைத் தட்டுவதுமாக இருந்த மனிதர், இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"சொல்லித் தொலையேன்" என்பார்.

"இருங்க. இன்னும் யோசிக்குது."

"யாரு, நீயா பல்லா?"

"பல்லுதான். நான் எதுக்கு யோசிக்கணும்? எனக்கென்ன வந்துச்சு?"

அவர் அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கும். அதற்காகவே நேரம் கடத்தினேன். அவருக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, தண்ணீர் பார்க்கப் போனவர் திரும்பி வந்து காப்பி கேட்டார். நான் ஆற்றிக்கொண்டு வருவதற்குள் நாற்காலியிலேயே போய்விட்டார். காப்பி சூடாகத்தான் இருந்தது.

காரியம் முடிந்ததும் உறவுக்காரர்கள் ஆளாளுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடச் சொன்னார்கள். பொம்பளை தனியாக எப்படிப் பார்ப்பாய் என்றார்கள். ஆபீசுக்குப் போவாயா, ஆளைக் கூட்டுவாயா என்றார்கள். அவர்கள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. எனக்குத்தான் மனசு வரவில்லை. பார்க்கிறேன் என்றேன், பார்த்தேன். பட்டாவைப் பெயர் மாற்ற அலைந்தேன். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று காத்தேன். தண்ணீர் வந்ததும் அது என் வயலுக்கு எப்போது வரும் என்று காத்தேன். அறுப்பு மெஷினுக்காகக் காத்தேன். மெஷின் வந்த நாளில் மழை வந்தது. இதற்கு நடுவில் கவுண்டரில் உட்கார்ந்து, சில்லறை இல்லாதவர்களிடமும் கையெழுத்து மாறிப்போனவர்களிடமும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாகப் பேசினேன். பல்லைக் கடித்துக்கொண்டு என்று எல்லோரும் பேச்சுக்குச் சொல்வதுதான். நான் நிஜமாகவே கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது எனக்கே தெரியவில்லை.

வலி வந்த பிறகும் பல் டாக்டரிடம் போகவில்லை. கிராம்பை அடக்கிக்கொண்டு காலம் தள்ளினேன். வயலில் பாம்பைக் கண்டாலும் பயப்படாதவள் நான். ஆனால் என் வீட்டுக்காரருக்குப் பல் பிடுங்கியபோது கூடவே போய்த் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது. என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சோற்றை இடப்பக்கம் மென்றேன், இட்லியைக்கூட இடப்பக்கம் ஒதுக்கி மென்றேன். நெல்லை மட்டும் அந்த வலப்பக்கப் பல்லிலேயே கடித்தேன். இடப்பக்கத்துக்கு நெல் தெரியவில்லை. இத்தனை வருடம் பழகிய பல் அது ஒன்றுதான். கடிப்பேன், விடுவேன், உயிர் போய்விட்டு வரும், கண்ணைத் துடைத்துக்கொண்டு "இன்னும் ஒரு வெயில்" என்பேன். குறுவை முடிகிறவரை இப்படியே ஓட்டினேன்.

கடைசியில் தஞ்சாவூரில் இருக்கும் என் நாத்தனார்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவருக்கு ஒரே தங்கை, அவரைவிட மிகவும் சின்னவள். போனில் என் குரல் குழறுவதைக் கேட்டுவிட்டு, "மேல்பல்லா கீழ்பல்லா அண்ணி?" என்றாள். கீழ்பல் என்றேன். "அப்பாடா, கண்ணுக்கு ஒண்ணும் வராது. பிடுங்கிப் போட்டுட்டு நிம்மதியா இருங்க. நான் கூட வரேன்" என்றாள். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் எங்கள் பக்கம் படித்தவர்களுக்கும் உண்டு. அவள் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள்.

டாக்டர் சின்னப் பெண். என் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சியைப் பல்லில் வைத்துக் கடிக்கச் சொன்னாள், பிறகு விடச் சொன்னாள். விட்டதும் நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

"பல்லுல விரிசல் விட்டிருக்கும்மா. கல்லு ஏதாவது கடிச்சீங்களா?"

"கல்லு இல்ல. நெல்லு."

"நெல்லா? நெல்லை எதுக்கும்மா கடிக்கிறீங்க?"

அந்தப் பெண் சென்னையில் வளர்ந்தவளாம். நான் விளக்கினேன். கையுறையோடு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "ஒரு நெல்லுல இப்படி ஆகாதும்மா. உங்க பல்லு எல்லாமே மேல தேஞ்சிருக்கு. அந்தத் தேய்மானம் ரொம்பப் பழசு, பல வருஷத்துது. விரிசல்தான் புதுசு. இந்த ரெண்டு மூணு வருஷமா ஏதாவது டென்ஷனா? ராத்திரி தூக்கத்துல பல்லைக் கடிக்கிற பழக்கம் இருக்கா?"

"தூங்குறப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

"வீட்ல யாராவது சொல்லியிருப்பாங்களே. பக்கத்துல படுக்கறவங்க?"

அவள் என் நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், பிறகு எக்ஸ்ரே பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்ல பெண். கேட்டதற்கு வருத்தப்பட்டது முதுகிலேயே தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்பக்கூடக் கடிச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்கம்மா" என்றாள். உதடு மூடியிருக்கலாமாம், ஆனால் மேல்பல்லும் கீழ்பல்லும் ஒன்றையொன்று தொடக் கூடாதாம். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரமெல்லாம் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டுமாம். இத்தனை வயதுக்கு இது எனக்குத் தெரியாது. உலகத்தில் எல்லோரும் பல்லை இறுக்கி மூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். விரிசல் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் தெரியவில்லை. மேலோடு நின்றிருந்தால் ரூட் கேனல் செய்து கேப் போட்டுப் பல்லைக் காப்பாற்றலாம். வேர்வரை போயிருந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. திறந்து பார்த்தால்தான் தெரியும். அத்தனை சிரமம் வேண்டாம் என்றால் இப்போதே பிடுங்கிவிடலாம், ஒரே நாளில் முடிந்துவிடும் என்றாள். நாத்தனார் என் தோளைத் தட்டி, "பிடுங்கிடலாம் டாக்டர்" என்றாள்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "ரூட் கேனல்னா நரம்ப எடுத்துடுவீங்கல்ல? அப்புறம் அந்தப் பல்லுக்கு நெல்லு தெரியுமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "உள்ள இருக்கற நரம்பு வலி, சூடு, குளிர் இதைத்தான் சொல்லும்மா. கெட்டியா இருக்கு, மெத்துன்னு இருக்குன்னு சொல்றது வேரைச் சுத்தி எலும்போட பிடிச்சிருக்கற நாரு. வேர் இருக்கற வரைக்கும் அது இருக்கும். பிடுங்கினா அதுவும் போயிடும்."

"செட்டு வச்சா?"

"செட்டுக்கு ஏதும்மா வேரு?"

அவர் நெல்லைக் கடித்துவிட்டுத் துப்பியது கண் முன்னால் வந்தது. ஒரு வாரம் கழித்து வருகிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. அந்தப் பல் எனக்கு வேண்டும். வேர்வரை போயிருக்குமோ என்ற பயத்தில்தான் அந்த நாற்காலியிலிருந்து இறங்கினேன். பிடுங்க வேண்டும் என்று என் காதில் விழாதவரை அது என் வாயில் இருக்கிறதே.

மத்தியானம் நாத்தனார் வீட்டில் ரசம் சோறு குழைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு கூடத்தில் பாயைப் போட்டு ஃபேனுக்கு அடியில் படுத்தேன். அலைச்சலில் கண் அசந்துவிட்டது. விழித்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இன்னுமா ஒங்களுக்கு இந்தப் பல்லக் கடிக்கிற பழக்கம் போகல? கிரைண்டர் ஓடுதுன்னு நெனச்சு அடுப்படிக்குப் போய்ப் பாத்துட்டு வரேன்."

"இன்னுமான்னா? எப்ப கடிச்சேன்?"

அவள் முகம் மாறியது. "அண்ணன் ஒங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

அவள் சொன்னது இது. அவள் தன் மூத்த பையனை வயிற்றில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தபோது, ஒரு மத்தியானம் நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தாடை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாராம். இவள் ஏதோ கேட்க வாயைத் திறக்க, உஸ் என்று ஜாடை காட்டினாராம்.

"'என்னண்ணே'ன்னேன். 'பல்ல நறநறன்னு கடிப்பா. கைய வச்சா விட்டுருவா'ன்னிச்சு. 'எழுப்பிச் சொல்ல வேண்டியதுதானே'ன்னேன். 'சொன்னா அதையே நெனச்சுக்கிட்டுத் தூங்காம கெடப்பா, ஒனக்கு அவளத் தெரியாது. நீயும் சொல்லாத'ன்னிச்சு. 'ராத்திரியும் இதே வேலையா?'ன்னு கேட்டேன். 'பின்ன? அந்தப் பல்லு தேஞ்சு போச்சுன்னா எனக்கு நெல்லு பாக்க யாரு இருக்கா?'ன்னு சிரிச்சிச்சு அண்ணி. மீட்டரப் பாத்துக்கிட்டிருந்திருக்கு. சுயநலம்!"

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

எனக்கு அந்தக் கை தெரியும். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பு ஏறிய கை. சீவல் வாசனையும் சேற்று வாசனையும் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. தூக்கத்தில் புரளும்போதெல்லாம் அது என் கன்னத்தில் கிடக்கும். "எடுங்க, வேர்க்குது" என்று முனகுவேன். எடுப்பார். கொஞ்ச நேரத்தில் திரும்ப அங்கேயே வந்து கிடக்கும். தூக்கத்தில் கை போடுகிற மனிதர் என்று நினைத்திருந்தேன். சில நாள் காலையில் கன்னத்தில் அந்தக் காய்ப்பின் தடம் இருக்கும், ஆபீசில் சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். தேய்மானம் பழசு, விரிசல் புதுசு என்று டாக்டர் சொன்னதற்கு அர்த்தம் அந்தப் பாயில் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் போனபோது நானும் அழுதேன். நாலு பேருக்கு நடுவில், வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு அழுதது அது. அன்று மத்தியானம் தஞ்சாவூரில் அழுதது வேறு. எனக்கு அந்தக் கை வேண்டும் என்று இருந்தது. வேறு ஒன்றும் வேண்டாம், அவர் எழுந்து வந்து பேசக்கூட வேண்டாம், கையை மட்டும் கொண்டுவந்து கன்னத்தில் போட்டால் போதும், வேர்க்கட்டும் என்று இருந்தது. இந்த வயதில் இப்படி ஆசைப்படுவதற்கு வெட்கமாகவும் இருந்தது. நாத்தனார் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அந்தப் பல்லப் பிடுங்கக் கூடாது அண்ணி. நாளைக்கே போவோம்" என்றாள். காலையில் பிடுங்கச் சொன்னவள்தான்.

மறுநாள் ஊசி போட்டு, பாதி முகம் மரத்து, நாற்காலி பின்னால் சாய்ந்தது. வாயைத் திற என்றால் திறக்கிறேன், ஆனால் தாடை தானாகவே இறுகி மூடிக்கொள்கிறது. மிஷின் சத்தம் கேட்டதும் இன்னும் இறுகியது. டாக்டர் மிஷினை நிறுத்தினாள். இடது உள்ளங்கையை என் தாடைக்கு அடியில் கொடுத்து, "வெயிட்டை என் கையில விட்டுடுங்கம்மா. நான் பிடிச்சுக்கறேன்" என்றாள். அவ்வளவுதான், எனக்குக் கண்ணீர் காதுக்குள் வழிந்தது. "வலிக்குதா? இன்னொரு ஊசி போடட்டுமா?" என்று பதறினாள். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? இல்லையென்று கையை ஆட்டினேன். தாடை விட்டுவிட்டது.

திறந்து, கழுவி, நீலச் சாயம் ஒன்றைத் தடவி, பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் பாதி முகக்கவசம், மீதி கண்ணாடி. நான் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். களத்தில் அவர் எப்படி நின்றிருப்பார் என்று எனக்கு அப்போது தெரிந்தது. சொல்லித் தொலையேன்டி என்று கத்தத் தோன்றியது.

"வேருக்குப் போகலைம்மா" என்றாள். "மேலயே நின்னுடுச்சு. காப்பாத்திடலாம்."

அப்புறம் இரண்டு மூன்று முறை தஞ்சாவூருக்குப் போய் வந்தேன். கேப் போட்ட அன்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னாள், கெட்டியான எதையும் அந்தப் பல்லில் கடித்து உடைக்கக் கூடாது. நான் அவளையே பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நெல்லும் கூடாதும்மா."

"ஒரு நெல்லு?"

"அம்மா..."

"ஒரு போகத்துக்கு ஒண்ணு."

அவள் நாத்தனாரைப் பார்த்தாள், நாத்தனார் கூரையைப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு. அதுவும் பொறுமையா" என்றாள் டாக்டர். கூடவே படுக்கும்போது போட்டுக்கொள்ள ஒரு நைட் கார்டு செய்து கொடுத்தாள். கண்ணாடி மாதிரி, பல் வரிசையின் மேல் உட்காரும் பிளாஸ்டிக். பல்லுக்குப் பல் உரசாமல் அது தாங்கிக்கொள்ளுமாம். தாங்குகிறது, குறை சொல்ல முடியாது. சில்லென்று இருக்கிறது, அவ்வளவுதான். காலையில் கழற்றிக் கழுவி ஒரு டம்ளரில் வைக்க வேண்டும். எந்த டம்ளரில் வைப்பது என்று தேடவில்லை. அவர் செட்டுப் போட்டு வைக்கும் எவர்சில்வர் டம்ளர் அலமாரியில் கவிழ்த்தபடியே இருந்தது. அதை எடுத்துத் தேய்த்து, பழைய இடத்திலேயே, ஜன்னல் கட்டையில் வைத்தேன்.

பகலில் பல்லைப் பிரித்து வைக்கப் பழகுகிறேன். பஸ்ஸில் போகும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிவிட்டால் எல்லோரும் வாட்சைப் பார்ப்பார்கள். நான் நாக்கால் துழாவி என் பல்லைப் பார்ப்பேன். இறுகித்தான் இருக்கும். பிரித்து வைப்பேன். ரயில் வருவதற்குள் திரும்ப இறுகியிருக்கும். எவ்வளவு காலத்துப் பழக்கம், போ என்றால் போய்விடுமா? அதற்குச் சொல்கிற விதமாகச் சொல்ல வேண்டும். அந்த விதம் எனக்குத் தெரியவில்லை.

மாசியில் சம்பா அறுத்தோம். நல்ல விளைச்சல். வானமும் சுத்தமாக இருந்தது. மெஷின் கொட்டிவிட்டுப் போன நெல்லைப் பரப்பி, கிளறிவிட்டு வெயில் காட்டினோம். வேறு வருடமாக இருந்தால் காலையும் மாலையும் கடித்துப் பார்த்திருப்பேன். இந்த முறை ஒரு நெல்தான். எப்போது கடிப்பது என்று கையால் அளைந்தேன், முகர்ந்தேன், உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். "என்னக்கா இவ்வளவு யோசன? மீட்டர்ல பாத்துக்குவாங்க, ஏத்திடுவோம்" என்றார் வேலை பார்ப்பவர். "ஏத்தலாம், இருங்க" என்றேன். பயமாக இருந்தது. அந்தப் பெண் சொன்னதெல்லாம் சரியாகவே இருக்கலாம். வேர் இருக்கலாம், நார் இருக்கலாம். ஆனாலும் கேப்புக்கு அடியில் கிடக்கும் பல்லுக்கு என்னை ஞாபகம் இருக்குமா, எங்களை ஞாபகம் இருக்குமா என்று எப்படிச் சொல்வது? தெரியவில்லை என்றால் அப்புறம் எனக்கு அவரோடு சேர்ந்து செய்வதற்கு ஒரு வேலையும் மிச்சமில்லை.

மூன்றாம் நாள் வெயில் இறங்கும் நேரத்தில் போஸ்ட் ஆபீசிலிருந்து நேரே களத்துக்கு வந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, குவியலுக்குள் கையை விட்டேன். உள்ளே நெல் கதகதவென்று இருந்தது. அடியில் கிடந்த ஒன்றை எடுத்து, வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வைத்தேன். பொறுமையாக, டாக்டர் சொன்னபடியே, கடித்தேன்.

நறுக்கென்றது.

காதுக்குக் கேட்டது மட்டும் அல்ல. பல்லுக்கு அடியில், தாடை எலும்பில், அது எப்போதும் சொல்கிற இடத்தில் சொன்னது. விட்டேன். வலிக்கவில்லை.

சாக்கைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். "என்னக்கா, பிடிக்கலாமா?" என்று கேட்டார்கள். நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தார்ப்பாயின் அந்த மூலையைப் பார்த்தேன், அவர் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிற இடத்தை. அங்கே சாய்ந்த வெயில் மட்டும் இருந்தது.

"இருங்க" என்றேன். "இன்னும் யோசிக்குது."